கோடை முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் எதைப் பார்த்து நம்புகிறார்கள்?

"அடுத்த கோடை விடுமுறையில் 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு முகாம் நடத்தப்போகிறோம். முதல் வாரம் பகல் முகாம், இரண்டாவது வாரம் அங்கேயே தங்கும் முகாம். நிறைய பேர் விசாரிக்கிறார்கள். ஆனால் எல்லாம் கேட்டுவிட்டு 'யோசித்துச் சொல்கிறோம்' என்று போகிறவர்கள்தான் அதிகம். பெற்றோருக்கு எங்கள்மேல் நம்பிக்கை வர என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிள்ளைகள் முகாம்களில் நெடுங்காலம் வேலை பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். விசாரிக்க வரும் பெற்றோர் வாய்விட்டுக் கேட்கும் கேள்விகளுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கும்: "என் பிள்ளைக்கு அங்கே ஏதாவது ஆனால், அதை எனக்கு உள்ளபடி, உடனே சொல்வீர்களா?" இதை யாரும் நேராகக் கேட்பதில்லை. கேட்டால் உங்களைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமே என்று கூச்சம். அதனால் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், சாப்பாடு எப்படி, ஃபோன் கொடுத்து அனுப்பலாமா என்று சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் கிடைத்தும் உள்ளே இருந்த கேள்வி அப்படியே நிற்கும்போதுதான் "யோசித்துச் சொல்கிறோம்" வருகிறது.

எனவே அந்தக் கேள்வியை நீங்களே எடுத்துப் பேசுங்கள். "பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம். முட்டி சிராயும், சண்டை வரும், ராத்திரி அழுகை வரும். எது நடந்தால் உங்களுக்கு எப்போது, யார் சொல்வார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்" என்று பேச்சைத் தொடங்கிப் பாருங்கள். எதிரே இருப்பவரின் தோள் தளர்வது உங்கள் கண்ணுக்கே தெரியும். "கவலையே படாதீங்க, எங்க பிள்ளை மாதிரி பார்த்துக்குவோம்" என்பது நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு தாய் எதையும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடிகிற பதில்களைக் கொடுங்கள்.

முதலாவது, ஆள் கணக்கு. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள்? அமெரிக்க முகாம் சங்கத்தின் தர விதிகள் உலகில் பலரும் அளவுகோலாக எடுத்துக்கொள்பவை. அதன்படி பகல் முகாமில் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகள் 8 பேருக்கு ஒரு பொறுப்பாளர், 9 முதல் 14 வயது என்றால் 10 பேருக்கு ஒருவர். தங்கும் முகாமில் அதுவே 6 பேருக்கு ஒருவர், 8 பேருக்கு ஒருவர் என்று இறுகும். உங்கள் நாட்டில், ஊரில் இதைவிடக் கடுமையான விதி இருந்தால் அதுதான் உங்கள் கணக்கு. இந்தக் கணக்கில் சமையல்காரரையும், அலுவலக மேசையில் இருப்பவரையும், நேரத்துக்கு வந்து ஓவியம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறவரையும் சேர்க்காதீர்கள். பிள்ளைகளைக் கண்ணில் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் கணக்கு. பெற்றோரில் விவரமானவர்கள் இதைக் கேட்பார்கள்: "உங்கள் 12 பேரில் எத்தனை பேர் பிள்ளைகளோடு இருப்பார்கள்?" இதற்குத் தடுமாறாமல் பதில் வர வேண்டும்.

அப்புறம் அந்த ஆட்கள் யார் என்பது. கூச்சப்படாமல் பேச வேண்டிய இடம் இது. பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளையின் நம்பிக்கையைப் பெற்றவர்கள். முகாம் பொறுப்பாளர் என்பவர் சில நாட்களிலேயே அப்படி ஒருவராக ஆகிவிடுகிறார். பெற்றோருக்கு இது தெரியும், இரவில் இதை நினைத்துத்தான் தூக்கம் வராமல் கிடக்கிறார்கள். நீங்கள் பேசாமல் விட்டால் அந்தப் பயம் போய்விடாது, உங்களுக்கு அது தோன்றவே இல்லையோ என்ற இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும்.

ஒவ்வொருவரையும் வேலைக்கு எடுக்கும்போது முன்பு வேலை செய்த இடங்களில் நேரடியாகப் பேசி விசாரித்தீர்களா, காவல்துறைச் சான்று வாங்கினீர்களா என்று சொல்லுங்கள். அதைவிட முக்கியமானது முகாமின் அன்றாட விதிகள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மற்றவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டுமென்றால் எல்லோரும் பார்க்கிற திண்ணையில், மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பேசலாம். உடை மாற்றும் இடம், குளியலறை ஆகியவற்றுக்கு என்று தனி விதி வேண்டும். பொறுப்பாளர்கள் பிள்ளைகளோடு சொந்த ஃபோனில் செய்தி பரிமாறக் கூடாது, முகாம் முடிந்த பிறகும் கூடாது. "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்று எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது. இந்த விதிகளை ஒரே பக்கத்தில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுங்கள். அதே விதிகளை அவர்கள் காதுபடப் பிள்ளைகளுக்கும் எளிமையாகச் சொல்லுங்கள். விதி தெரிந்த பிள்ளைக்குத்தான் விதி மீறப்பட்டது தெரியும்.

தண்ணீர் சம்பந்தப்பட்ட எதுவும் உங்கள் திட்டத்தில் இருந்தால், ஒரு சின்னக் குளம் என்றாலும் சரி, அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கிப் பேசுங்கள். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சுக்கே வாய் போதாதபோது கூப்பிட வாய் ஏது? சில நொடிகளில் சத்தமில்லாமல் நடந்துவிடும். உயிர்காப்பாளர் பயிற்சியில் 10/20 என்று ஒரு விதி உண்டு: தன் பொறுப்பிலுள்ள நீர்ப்பரப்பில் யாராவது தத்தளித்தால் 10 நொடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும், அடுத்த 20 நொடிக்குள் அவரை எட்டிவிட வேண்டும். எனவே பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் யார், அவர் அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் பார்க்க மாட்டார்தானே, முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையின் நீச்சல் திறனையும் சோதித்துப் பிரிப்பீர்களா, தண்ணீருக்குள் ஜோடி ஜோடியாக இறக்கிக் குறிப்பிட்ட இடைவெளியில் தலை எண்ணுவீர்களா என்பதற்கெல்லாம் பதில் வேண்டும். பதில் இல்லையென்றால் தண்ணீர் விளையாட்டை எடுத்துவிடுங்கள். அதை எடுத்துவிட்டதையும் காரணத்தோடு பெற்றோரிடம் சொல்லலாம். "எங்களிடம் பயிற்சி பெற்ற ஆள் இல்லை, அதனால் இந்த வருடம் இல்லை" என்கிற முகாமைப் பெற்றோர் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

உடல்நலப் படிவத்தை வாங்கி ஃபைலில் வைத்துவிடும் பழக்கம் நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்தப் படிவத்தை நீங்கள் படித்தீர்கள் என்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டும். வீசிங் உள்ள பிள்ளையின் அம்மாவுக்கு முகாமுக்கு முன்பே ஃபோன் செய்து, "இன்ஹேலர் எப்போது தேவைப்படும்? ஓடினால் வருமா, தூசியில் வருமா? அதை அவனே எடுத்துக்கொள்வானா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடப் பேச்சுதான். உங்கள் விளம்பரத்தால் முடியாததை அந்த ஐந்து நிமிடம் செய்துவிடும். இன்ஹேலர் பூட்டிய அலமாரியில் இருந்து பயனில்லை, பிள்ளை போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போக வேண்டும். கடுமையான அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அட்ரினலின் ஊசி கொடுத்து அனுப்பியிருந்தால், அதைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போடத் தெரிந்த ஆள் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். அலர்ஜி மாத்திரை அந்த ஊசிக்கு மாற்று ஆகாது என்பதும், ஊசி போட்ட பிறகும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்பதும் உங்கள் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சமையலறைக்கும் அந்தப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் போக வேண்டும்.

பிள்ளையைக் கூட்டிப்போக யார் வரலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பட்டியலில் இல்லாதவர் வந்தால், பிள்ளையே "எங்க மாமாதான்" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாலும், பெற்றோருக்கு ஃபோன் செய்து உறுதிப்படுத்தும்வரை அனுப்பாதீர்கள். அப்போது அந்த மாமா கோபப்படுவார். அம்மா அதைக் கேட்டு நிம்மதி அடைவார். பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களில் இந்தப் பட்டியல் இன்னும் முக்கியம், அதைப் பற்றிக் கேட்கும்போது எந்தத் தீர்ப்பும் குரலில் இல்லாமல் கேளுங்கள்.

இப்போது தங்கும் முகாமுக்கு வருகிறேன். உங்களிடம் "யோசித்துச் சொல்கிறோம்" என்றவர்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தயங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வீட்டு ஏக்கம் பற்றி முன்கூட்டியே பேசும் முகாம்கள் மிகக் குறைவு. பேசினால் பெற்றோர் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயம். என் அனுபவத்தில் நேர் எதிர்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007இல் இதைப் பற்றி ஒரு மருத்துவ அறிக்கை வெளியிட்டது. உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர் அதை எழுதியவர்களில் ஒருவர், முகாம் பிள்ளைகளின் வீட்டு ஏக்கத்தையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர். வீட்டை விட்டுப் பிரிந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஓரளவு ஏக்கம் வரத்தான் செய்யும், அது இயல்பு, அதைச் சமாளிக்கப் பிள்ளைகளைத் தயார்செய்ய முடியும் என்பதே அதன் சாரம். முகாமுக்குப் போகும் முடிவில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்னதாக ஓரிரு இரவு உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்கிப் பழக்க வேண்டும். முகாம் எப்படி இருக்கும் என்று முன்பே தெரியவைக்க வேண்டும். ஏக்கம் வந்தால் என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், "பிடிக்கலைன்னா சொல்லு, உடனே வந்து கூட்டிட்டு வந்துடுறேன்" என்று பெற்றோர் வாக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது அறிக்கை.

அந்தக் கடைசி விஷயத்தைப் பெற்றோரிடம் நிதானமாக விளக்குங்கள். அன்பில்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளையின் காதில் அது "உன்னால் முடியாது என்று எனக்கும் தோன்றுகிறது" என்று விழுகிறது. முதல் ராத்திரி மனசு கனத்ததும் மற்ற எந்த வழியையும் முயலாமல் அந்த ஒரு வழியையே பிள்ளை பிடித்துக்கொள்ளும். பெற்றோர் வராவிட்டால் வாக்கு பொய்த்துவிடும், வந்தால் "என்னால் முடியவில்லை" என்ற நினைப்போடு பிள்ளை வீடு திரும்பும். அதற்குப் பதில், "முதல் ரெண்டு நாள் ஏக்கமா இருக்கலாம். அது தப்பில்லை. அப்போ பொறுப்பாளர் அக்காகிட்ட சொல்லு, எனக்கு ஒரு கடிதம் எழுது" என்று சொல்லி அனுப்பச் சொல்லுங்கள்.

இதைச் சொன்ன அதே மூச்சில் உங்கள் பங்கையும் சொல்ல வேண்டும். பிள்ளை அழுதால் எப்போது பெற்றோருக்குச் சொல்வீர்கள்? என் கொள்கை இது. படுக்கும் நேரத்தில் கொஞ்சம் அழுது தூங்கிவிட்டால் மறுநாள் காலையில் தகவல். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, விளையாட்டில் சேரவே இல்லை என்று ஒரு முழு நாள் போனால் அன்றே ஃபோன் செய்து, என்ன செய்யலாம் என்று பெற்றோரோடு சேர்ந்து முடிவெடுப்பது. ஒரு பிள்ளையால் உண்மையிலேயே முடியவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவைப்பதில் எந்தத் தோல்வியும் இல்லை, அதையும் பிள்ளைக்குப் புரியும்படி அன்பாகச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். இது எழுத்தில் இருந்தால், ஃபோன் வராத இரவில் பெற்றோர் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஏனென்றால் ஃபோன் வராததற்கு ஒரு பொருள் இருக்கிறது.

பிள்ளைகளிடம் ஃபோன் இருக்கலாமா என்பதில் நான் வேண்டாம் என்கிற பக்கம். அம்மாவின் குரலைக் கேட்டதும் அடங்கியிருந்த அழுகை பீறிட்டு வருவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளையிடம் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டால், பெற்றோர் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுக்கிற ஒரு எண்ணை நீங்கள் கொடுத்தாக வேண்டும். அது தானியங்கிக் குரலாக இருக்கக் கூடாது. அந்த எண்ணை வைத்திருப்பவர் பிள்ளைகளின் பெயர் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

படங்கள் அனுப்புவது நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். அதில் ஒரு சிக்கல் உண்டு. பெற்றோர் குழுவில் 40 படம் போட்டால் ஒவ்வொரு அம்மாவும் அப்பாவும் தேடுவது ஒரே முகத்தை. அந்த முகம் இல்லையென்றாலோ, அது மட்டும் சிரிக்கவில்லையென்றாலோ அன்று இரவு உங்களுக்கு ஃபோன் வரும். படம் அனுப்புவதென்றால் எல்லாப் பிள்ளையும் வருகிற மாதிரி கணக்கு வைத்து எடுங்கள். முடியாவிட்டால் படத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பொறுப்பாளர் எழுதும் இரண்டு வரி அனுப்புங்கள். "இன்று மரம் ஏறப் பயந்தாள், மூன்றாவது கிளைவரை போனாள். மதியம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்." நாற்பது படத்தைவிட இந்த இரண்டு வரி மேல். உங்கள் ஆள் கூட்டத்துக்குள்ளும் தங்கள் பிள்ளையைக் குறிப்பாகக் கவனித்திருக்கிறார் என்பதற்குப் பெற்றோருக்கு இதுவே சாட்சி. படத்தைப் பொதுவெளியில் போடுவதற்கான ஒப்புதலைச் சேர்க்கைப் படிவத்துக்குள் பொடி எழுத்தில் புதைக்காமல் தனித்தாளில் கேளுங்கள், "வேண்டாம்" என்பவரைக் காரணம் கேட்காதீர்கள். முகாம் நடக்கும்போது இடம் தெரியும்படி எதையும் பொதுவில் போட வேண்டாம்.

சரி, முதலில் சொன்ன அந்த உள்ளே கிடக்கும் கேள்விக்கு வருவோம். ஏதாவது நடந்துவிட்டால் எப்படிச் சொல்வது?

பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லி அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்னால், உங்கள் வாயிலிருந்து தெரிந்திருக்க வேண்டும். இது ஒன்றைக் காப்பாற்றினால் மற்ற பல குறைகளைப் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்கள். சிராய்ப்பு, சின்னச் சண்டை என்றால் கூட்டிப்போக வரும்போது நேரில் சொல்லலாம். கடி, தலையில் அடி, காய்ச்சல், மருந்து கொடுத்தது, பிள்ளை கொஞ்ச நேரம் கண்ணில் படாமல் போனது என்றால் அப்போதே ஃபோன்.

தலையில் அடியைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. விழுந்ததும் எழுந்து ஓடி விளையாடும் பிள்ளைக்குச் சில மணி நேரம் கழித்து வாந்தியோ, அதிகமாகும் தலைவலியோ, எழுப்ப முடியாத மயக்கமோ வரலாம். அதற்குள் பிள்ளை வீட்டில் இருக்கும். பகலில் அடிபட்டது தெரியாத அம்மா, "வெயிலில் ஆடிய களைப்பு, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார். நீங்கள் சொல்லாமல் மறைத்த ஒரு சின்ன விஷயம் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். மரியாதைக்காகவோ பெயர் கெடக்கூடாது என்றோ இதில் ஒரு நிமிடமும் தயங்கக் கூடாது.

ஃபோனில் சொல்லும் வரிசையும் முக்கியம். "ஒரு விஷயம் சொல்லணும், பதறாதீங்க" என்று தொடங்கினால் கேட்பவருக்கு அந்த நொடியே நெஞ்சு அடைத்துவிடும். பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். "நான் முகாமிலிருந்து பேசுகிறேன். கவின் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், பேசுகிறான். பத்து நிமிடம் முன்பு ஊஞ்சலிலிருந்து விழுந்து நெற்றியில் அடிபட்டது. ஐஸ் வைத்திருக்கிறோம். மயக்கம், வாந்தி இல்லை. மருத்துவரிடம் இப்போது கூட்டிப்போகிறோம், நீங்கள் அங்கே வருகிறீர்களா?" இப்போது எப்படி, என்ன நடந்தது, என்ன செய்தோம், அடுத்து என்ன. பிறகு பிள்ளையிடம் ஃபோனைக் கொடுங்கள். யார் மேல் தவறு என்ற ஆராய்ச்சியை அந்த அழைப்பில் நுழைக்காதீர்கள். "அவன்தான் சொன்ன பேச்சைக் கேட்காமல்" என்ற ஒரு வார்த்தை போதும், அந்தக் குடும்பம் உங்களை விட்டுப் போய்விடும். உங்கள் பக்கம் கவனக்குறைவு இருந்தால் அதை அன்றே ஒப்புக்கொண்டு, என்ன மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இந்த ஃபோனைச் செய்ய யாருக்கும் மனம் வராது. ஒருவர் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வார். அதனால் யார் செய்வது என்று முகாம் தொடங்குமுன் பெயர் குறித்து வையுங்கள், பொறுப்பாளர்கள் ஒருவரையொருவர் அம்மாவாக வைத்துப் பேசிப் பழகட்டும். நடந்த எல்லாவற்றையும் நேரம் போட்டு ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். தன் பிள்ளையைப் பற்றிய பக்கத்தைப் பெற்றோர் கேட்டால் தயங்காமல் காட்டுங்கள்.

குறை சொல்லி வரும் பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "என் மகளை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லையாம்" என்று ஒரு அப்பா வந்தால், "அப்படியெல்லாம் இல்லை, நன்றாகத்தானே விளையாடினாள்" என்பதுதான் நம் நாக்கில் முதலில் வரும். அதைச் சொல்லாதீர்கள். "என்ன சொன்னாள்? நாளை மதியம்வரை பார்த்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லி, மறுநாள் மதியம் கட்டாயம் கூப்பிடுங்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் கூப்பிடுங்கள். பிள்ளையிடமும் நேராகப் பேசுங்கள், அவள் சொல்வதும் அப்பா சொல்வதும் பல நேரம் வேறாக இருக்கும்.

உங்களுக்கு இன்னும் அவகாசம் இருப்பதால் ஒன்று செய்யலாம். முகாம் நடக்கப்போகும் இடத்துக்கே ஒரு நாள் பெற்றோரையும் பிள்ளைகளையும் வரச்சொல்லுங்கள். அலங்காரம் வேண்டாம், மேடை வேண்டாம். கழிப்பறை, படுக்கும் அறை, சமையலறை, முதலுதவிப் பெட்டி, வெளி வாசல் எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள். பிள்ளைகளோடு இருக்கப்போகும் பொறுப்பாளர்களே சுற்றிக்காட்டட்டும், நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். பெற்றோர் அந்தப் பொறுப்பாளரின் முகத்தைவிட, அவர் தங்கள் பிள்ளையிடம் குனிந்து பெயர் கேட்கிறாரா என்பதைத்தான் பார்ப்பார்கள். ஏற்கெனவே யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்களையும் கூப்பிடுங்கள், சேருங்கள் என்று கேட்காமல்.

கட்டணம் திருப்பித் தரும் விதியையும் அன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு, பாதியில் பிள்ளையைக் கூட்டிப்போனால் எவ்வளவு என்று. பணத்தில் மழுப்பினால், மற்றதிலும் மழுப்புவார்கள் என்று பெற்றோர் முடிவு செய்துவிடுவார்கள். முகாம் முடிந்த வாரத்தில், சிரமப்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு ஃபோன் செய்து எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவுகள் தவிர மற்ற உடல்நலப் படிவங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அல்லது அழித்துவிட்டு, அழித்துவிட்டோம் என்று ஒரு வரி அனுப்புங்கள்.